நெறி தவறிய பகைவனை எதிர்ப்பது எவ்வாறு?

(மாத்தளையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு என்னை அழைத்த இளைஞர்கள் பேச்சின் பொருளை ஒரு கேள்வியாகவே எழுதி அனுப்பியிருந்தார்கள். "எதிரி எந்த விதிக்கும் கட்டுப்படாதபோது நாம் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்பது அக்கேள்வி. அதை எழுதிய கையில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் குறை கூற மாட்டேன். நீதிமன்றப் படிகளில் இருபது ஆண்டுகள் ஏறி இறங்கியவன் நான். சட்டம் காப்பாற்றிய கதைகளைவிடச் சட்டம் கைவிட்ட கதைகளையே மிகுதியாகக் கேட்டிருக்கிறேன். ஆகவே, "சட்டத்தை நம்புங்கள், அது உங்களைக் காக்கும்" என்று ஆறுதல் கூற நான் வரவில்லை. வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு மறுமொழி தேடிக் குருட்சேத்திரத்துக்குப் போக வேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இந்த ஊரே போதும்.

1848ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கோப்பியின் விலை சரிந்து, தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் திறைசேரி வறண்டிருந்த காலம். அதை நிரப்பப் புதிய வரிகள் வந்தன. துவக்கு வைத்திருப்பவன் இரண்டரைச் சிலிங் கட்ட வேண்டும். நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு ஒரு பவுண். தெரு வெட்டுவதற்கு ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், அல்லது மூன்று சிலிங் கொடுக்க வேண்டும். தெரு வேண்டியிருந்ததோ பெரும்பாலும் கோப்பித் தோட்டத் துரைமாருக்கு. உழைப்போ கோப்பிக் கன்று ஒன்றுகூட நடாத கிராமத்து விவசாயியினுடையது. (மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக இந்த ஊருக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே வாந்திபேதியில் மாண்டார்கள். நம் முன்னோரின் அந்தக் கதைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இன்று அதைத் தொடவில்லை.)

யூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரச பட்டம் சூட்டினார்கள். படையை நடத்தியவர் மொறட்டுவைக் கரையிலிருந்து மலைநாட்டுக்கு வந்த புரன் அப்பு. 28ஆம் நாள் மாத்தளை அவர்கள் கையில் விழுந்தது. கச்சேரியைச் சூறையாடினார்கள். வரிப் பதிவேடுகளை எரித்தார்கள். கடைகளும் தோட்டத் துரைமாரின் வீடுகளும் தப்பவில்லை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: இந்தக் கலகம் முழுவதிலும் அரசாங்கப் படையில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. காயமடைந்தவர் ஒரேயொரு சிப்பாய் என்பதே லண்டன் பாராளுமன்றம் வரை சென்ற கணக்கு.

அதற்கு அரசாங்கம் செய்தது என்ன? 29ஆம் நாள் கண்டிப் பகுதியிலும் 31ஆம் நாள் குருநாகலையிலும் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. கலகம் சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் 10 வரை நீடித்தது. இந்த இரண்டு மாத இடைவெளியைக் கவனியுங்கள். போர் முடிந்த பிறகும் போர்க்காலம் முடியவில்லை. இராணுவ அதிகாரிகள் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். அவர்கள் தீர்ப்பால் 18 பேர் சுடப்பட்டார்கள். வீடும் மாடும் நெல்லும் பறிமுதலாகி ஏலத்தில் போயின. மாத்தளையைப் பிடித்த பதினோராம் நாள், ஓகஸ்ட் 8ஆம் நாள், புரன் அப்பு கண்டியில் சுடப்பட்டார்.

அதே மாதம் 26ஆம் நாள் குடாபொல தேரர் என்ற பிக்கு, காவியுடையுடனேயே நிறுத்திச் சுடப்பட்டார். இராசத்துரோகச் சத்தியம் ஒன்றுக்கு அவர் உடந்தை என்பது குற்றச்சாட்டு. முதல் நாள் விசாரணை, மறுநாள் மரணம். சாட்சியத்தில் ஐயம் கொண்ட கண்டிச் சட்டவாதிகள் தண்டனையை நிறுத்தி வைக்கும்படி அரசாங்க நியாயவாதி செல்பி மூலமாகத் தேசாதிபதியிடம் முறையிட்டார்கள். ஊரிலுள்ள பிரக்கிராசிமார் அத்தனை பேரும் அவன் நிரபராதி என்று சொன்னாலும் நாளைக் காலை அவன் சுடப்படுவான் என்பதே அவருடைய மறுமொழி என்று பிற்பாடு லண்டனில் எடுத்துச் சொல்லப்பட்டது. எங்கள் தொழிலை எத்தனையோ பேர் ஏளனம் செய்திருக்கிறார்கள். ஆனால், நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னாலும் பயனில்லை என்று அறிவிக்க ஒரு தேசாதிபதிக்குப் பட்டாளமே துணைக்கு வேண்டியிருந்தது!

இனி அரசரைப் பார்ப்போம். பண்டா எல்கடுவைப் பக்கத்தில் மறைந்திருந்து செப்டெம்பர் 21ஆம் நாள் பிடிபட்டார். இராணுவச் சட்டம் நீங்கிய பின்னர், நவம்பரில், கண்டியில் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். தன்னை அரசன் என்று கூறிக்கொண்டவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அவர் தூக்கிலேறவில்லை. நூறு கசையடியும் நாடு கடத்தலுமாக அது மாற்றப்பட்டு, மலாக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1849இல் அங்கே மாண்டார். அது கருணை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் படித்தவன் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது. முடிசூடியவர் உயிர் தப்பினார். யாரென்றே வெளியுலகம் அறியாத ஒரு பிக்கு சுடப்பட்டார். குற்றத்தின் பெருமை சிறுமையால் இந்த வேறுபாடு வந்ததா? சட்டப் புத்தகம் திறந்திருந்த நாளில் ஒருவர் நின்றார், மூடியிருந்த நாளில் மற்றவர் நின்றார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இராணுவ மன்றங்கள் நடந்த நாட்களிலேயே பிரதம நீதியரசர் சேர் அன்ரனி ஒலிபன்ற் கண்டியில் அமர்ந்து இராசத்துரோக வழக்குகளை விசாரித்தார் என்பதையும், தண்டனை பெற்றவர்களுக்குக் கருணை காட்டும்படி அவரே கேட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளுங்கள். நீதிமன்றக் கதவு திறந்தேயிருந்தது. திறந்த கதவைக் கடந்து போய்ச் சுவரருகே நிறுத்திச் சுட்டார்கள்.

"அவர்கள் சிங்களவர், நமக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. ஐயா, அவசரகாலம் என்ற பெயரில் இந்நாட்டில் பிறகு நமக்கு நடந்தவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முதலில் எவர் மேல் அது பழகிப் பார்க்கப்பட்டது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

நெறி தவறிய இந்தப் பகைவன் எப்படி வீழ்ந்தான் என்பதே இளைஞர்களின் கேள்விக்கு வேண்டிய பகுதி. கலகக்காரரின் துவக்கு அவரை அசைக்கவில்லை. கொழும்பு ஒப்சேவர் ஆசிரியர் டொக்டர் எலியற்றின் பேனாவும், மக்கள் அனுப்பிய முறையீடுகளும், யாரோ பத்திரப்படுத்தி வைத்த காகிதங்களும் அசைத்தன. 1849இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. ஹென்றி பெயிலி, ஜோசப் ஹியூம் போன்ற உறுப்பினர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். மாத்தளையில் இருந்த வற்சன் கப்டன் பெயரில் சிங்களத்தில் வெளிவந்த பிரகடனங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றிலுள்ளது தம் கையெழுத்தில்லை என்றார் அவர். உண்மையானதுதான் என்றார்கள் எதிர்த்தரப்பார். ஒரு கையெழுத்தைப் பற்றி ஒரு பேரரசு ஆண்டுக்கணக்கில் வாதாடியது! அந்தத் துண்டுக் காகிதத்தை மாத்தளையில் யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது. பிரதமர் ரஸ்ஸல் பிரபுவின் உறவினராக இருந்தும் டொறிங்டன் 1850இல் பதவியைவிட்டுப் போக நேர்ந்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ற் பதவியும் பறிபோயிற்று. வரிகளிற் பல நீங்கின.

நீதி முழுமையாகக் கிடைத்ததென்று எண்ணிவிடாதீர்கள். எவரும் சிறைக்குப் போகவில்லை. டொறிங்டன் பிற்காலத்தில் மகாராணியின் அரண்மனையிலேயே பதவி பெற்று நெடுங்காலம் வாழ்ந்தார். கச்சேரிப் பதிவேட்டை எரித்தவர்கள் வரியை எரித்ததாக எண்ணினார்கள். தங்கள் காணியின், தங்கள் பெயரின் சாட்சியையும் அதனோடு எரித்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வழக்குரைஞன் புத்தி, மன்னியுங்கள்.

இனி, கலகக்காரர்கள் அன்று மாத்தளைத் தோட்டங்களில் துரைமாரின் மனைவி மக்களை வெட்டிக் கொன்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? இதற்குக் கற்பனை வேண்டாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1857 யூலையில், கான்பூரில் பிபிகர் என்ற வீட்டில் அடைபட்டிருந்த ஏறத்தாழ இருநூறு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதே பேரரசு, அதே பாராளுமன்றம். ஆனால் நீல் என்ற தளபதி கைதிகளைத் தூக்கிலிடுமுன் அந்த வீட்டின் இரத்தத்தை அவர்கள் வாயாலேயே துடைக்க வைத்தபோது, லண்டனில் கணக்குக் கேட்டோரின் குரல் எடுபடவில்லை. சற்றே நிதானம் காட்டிய கவர்னர் ஜெனரல் கானிங்கைத்தான் "இரக்கக் கானிங்" என்று எள்ளி நகையாடினார்கள். கலகத்தின் அளவு வேறு, காலம் வேறு என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பை ஏற்கிறேன். ஆயினும், டொறிங்டனைக் கேள்வி கேட்டவர்களுக்கு வாய் திறக்க இடம் கொடுத்தது எது? படையில் ஓர் உயிரும் போகவில்லை என்ற அந்த ஒற்றைக் கணக்கு. அவ்வளவு பலம் வேறெதற்கும் இருக்கவில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, ஒரு நாட்டுக்குள் நடக்கும் போரிலும் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியே கட்டுப்படுத்துகிறது. ஆயுதம் ஏந்தாதவனையும், ஆயுதத்தைக் கீழே வைத்தவனையும், காயப்பட்டவனையும் தொடாதே என்கிறது. "மற்றவன் கடைப்பிடித்தால் நீயும் கடைப்பிடி" என்று அதில் இல்லை. இலங்கை 1959இல் அந்த உடன்படிக்கைகளை ஏற்றது. ஏட்டில் இருப்பது இது. நடப்பில் எப்படி என்பதற்கு நியூரம்பேர்க் வழக்கில் ஒரு பாடம் உண்டு. ஜெர்மன் கடற்படைத் தலைவர் டேனிட்ஸ் மேல், எச்சரிக்கையின்றிக் கப்பல்களை மூழ்கடித்த குற்றம் சுமத்தப்பட்டது. பசிபிக் கடலில் நாங்களும் அப்படியே போர் செய்தோம் என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்தில் கொடுத்தார். முடிவு என்ன? 1946இல் டேனிட்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக அத்தண்டனை கணிக்கப்படவில்லை. உலகத்தையே வென்றவர்களாலும் தாம் செய்த ஒன்றுக்காகத் தோற்றவனைத் தண்டிக்க முடியவில்லை. உலகத்தை வெல்லாத நம் போன்றோர் நிலையை எண்ணிக்கொள்ளுங்கள்.

கமக்காரப் பெரியோருக்கு இதை வேறு விதமாகச் சொல்கிறேன். அயலான் இரவில் வேலியை இரண்டு முழம் தள்ளிப் போடுகிறான். நீங்கள் விதானையாரிடம் போனால் அது எல்லை வழக்கு. அதைவிட்டு மறுநாள் இரவு அவன் மிளகுக் கொடிகளை வெட்டிவிட்டு என்னிடம் வந்தால், நான் எதை வாதாடுவேன்? நீதிபதியின் முன்னே இரண்டு குற்றவாளிகள் நிற்பார்கள். பழைய எல்லைக் கல் எங்கே இருந்தது என்பதை எல்லோரும் மறந்து விடுவார்கள்.

போரில் நெறி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் பசுக்களும் பெண்களும் பிணியுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் தேடிச் செல்லுக என்று அறிவித்தவன் அவன் எனப் புறநானூற்றில் போற்றுகிறார். நம் மேடைகளில் இது அடிக்கடி முழங்கும். அதே புலவர் அதே மன்னனை இன்னொரு பாட்டிலும் பாடுகிறார் என்பதை மட்டும் மேடைகள் சொல்வதில்லை. அதில் அவன் பகைவர் ஊர்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்குகிறான்! நெறியும் நம்முடையது, மீறலும் நம்முடையது. இரண்டையும் எழுதி வைத்த நேர்மையும் நம்முடையதே.

மாத்தளைக்குத் திரும்புவோம். 2012 நவம்பரில் இந்த ஊர் ஆஸ்பத்திரி வளவில் மண் வெட்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வந்தன. 1989இல் பிள்ளைகளை இழந்த தாய்மார் ஓடோடி வந்தார்கள். அக்காலத்தவை என்றார் தொல்லியல் பேராசிரியர். அமெரிக்க ஆய்வுகூடம் அவற்றின் காலம் 1950க்கு முந்தியது என்றது. பெற்றோர் அதை ஏற்கவில்லை. எவர் எலும்பு என்பது தெளியாமலே போயிற்று. ஏன் தெளியவில்லை? மரண விசாரணையின்றிப் பிணத்தைப் புதைக்கவும் எரிக்கவும் படையினருக்கு அதிகாரம் தந்த அவசரகால விதிகள் 1980களில் இந்நாட்டில் இருந்தன. எந்தக் குழியில் எவர் என்று எழுதிவைக்க யாருக்கும் கடமை இருக்கவில்லை.

அந்தக் காலத்தையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். 1989இல் ஜே.வி.பி.யினர் கடையை மூடு என்றார்கள், வாக்களிக்காதே என்றார்கள், மறுத்தவர்களைக் கொன்றார்கள். கடைசியில் படையினரின் குடும்பத்தாரையும் கொல்வோம் என்று மிரட்டினார்கள். ஒன்றுக்குப் பலர் என்று கணக்குப் போட்ட எதிர்ச் சுவரொட்டிகள் உடனே எழுந்தன. சிப்பாயின் மனைவியும் குழந்தையும் இலக்கு என்று அறிவித்த நாளில், அதுவரை தயங்கிய சிப்பாயின் தயக்கத்தையும் அவர்களே அறுத்து விட்டார்கள். அதன் பிறகு ஆற்றில் மிதந்த இளைஞர் எல்லோரும் ஜே.வி.பி.யினர் அல்லர். பள்ளிக்கூடப் பையன்களும் இருந்தார்கள்.

சிங்கள இளைஞரைப் பற்றிப் பேசும்போது கூட்டம் தலையசைக்கிறது. இனி நான் சொல்லப் போவதற்குத் தலையசைப்பீர்களா என்று தெரியவில்லை. 2008 பெப்ரவரி 2ஆம் நாள், இதே மாவட்டத்தில், தம்புள்ளையில், பேருந்தில் குண்டு வெடித்தது. மாண்ட ஏறத்தாழ இருபது பேரில் பெரும்பாலோர் புனித யாத்திரை சென்ற சாதாரண மக்கள். அது புலிகளின் செயல் என்றது அரசாங்கம். நம்மவரிலும் பலர் அவ்வாறே எண்ணினார்கள். எண்ணியும் வாய் திறக்கவில்லை. 1983 யூலையில் இந்த வீதியில் நம் கடைகள் எரிந்ததையும், முத்துமாரியம்மன் கோயில் தாக்கப்பட்டதையும் கண்டவர்கள் நாம். அதைச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை எந்தக் குண்டாலும் பறிக்க முடியாது என்று எண்ணியிருந்தோம். ஆனால் 1983 பற்றி நாம் பேசத் தொடங்கும்போதெல்லாம், எதிரே இருப்பவர் "தம்புள்ளை?" என்று ஒரு சொல்லைக் கேட்டு, தம் மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுத்து விடுகிறார். தம்புள்ளையால் 1983 நியாயமாகாது. அது சட்டத்திலும் சரி, அறத்திலும் சரி. ஆயினும் அந்த விடுமுறையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது யார்?

2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2011இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு தன் அறிக்கையில், பாதுகாப்பு வலயங்கள் என்று அறிவித்த இடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்கப் படை எறிகணை வீசியதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றது. மக்களை அரணாகப் பிடித்து வைத்ததாகவும், தப்பியோடியவர்களைச் சுட்டதாகவும் புலிகள் மேல் அதே அறிக்கையில் உண்டு. முதற் பகுதியை மட்டும் அச்சடித்துப் பரப்பியவர்களை அறிவேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று அவர்களிடம் சொன்னேன். ஒரு சாட்சி பாதி உண்மையைச் சொன்னால், குறுக்கு விசாரணையில் மீதியை எதிர்த்தரப்பு வெளியே எடுக்கும். அப்போது முழுச் சாட்சியமும் சரிந்துவிடும். மாண்டவர்கள் நம்மவர்கள், அழுகிறவர்கள் நம்மவர்கள். அவர்களின் வழக்கு அப்படிச் சரியக் கூடாது என்பதற்காகவே இந்தக் கசப்பை விழுங்கச் சொல்கிறேன்.

"நெறியோடு நின்று நாம் கண்டது என்ன?" என்று கேட்டு ஓர் இளைஞர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தம்பி, நெறியோடு நின்றவன் தோற்றதும் உண்டு. குடாபொல தேரருக்காக முறையிட்ட சட்டவாதிகளும் தோற்றார்கள். மறுநாள் காலை அவர் சுடப்பட்டார். ஆனால் அவர்கள் முறையிட்டதும் அதற்கு வந்த மறுமொழியும் பதிவில் ஏறின. ஈராண்டு கழித்துத் தேசாதிபதியை அசைத்தவற்றுள் அதுவும் ஒன்று. மறுநாள் காலைக்கு என்னிடம் மருந்தில்லை. ஈராண்டுக்கு உண்டு.

ஆகவே ஒரு வேலையோடு வந்திருக்கிறேன். 2021இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை, இலங்கையில் நடந்தவற்றின் சான்றுகளைத் திரட்டிக் காக்க ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. ஜெனீவா தூரம். மாத்தளையின் சான்றை மாத்தளைதான் எழுத வேண்டும். இளஞ் சட்டத்தரணிகள் நால்வரும் ஆசிரியர்கள் சிலரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் இந்த மண்டபத்திலேயே காலை ஒன்பது மணிக்கு மேசை போட்டு உட்காருவார்கள். 1983இல் எரிந்த கடை, வீடு பற்றி அறிந்தவர்கள் வாருங்கள். பழைய உறுதி, வாடகைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எதுவானாலும் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். கண்ணால் கண்டதை ஒரு பக்கமும், பிறர் சொல்லக் கேட்டதை மறு பக்கமும் தனியாக எழுதுவார்கள். கலந்து சொல்லாதீர்கள். திகதி தெரியாவிட்டால், நெல் அறுத்த காலமா, தேர்த் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று சொன்னால் போதும். எழுபது வயது கடந்தவர்கள் முதலில் வரட்டும். நடக்க முடியாதவர் இருந்தால் தோட்டத்தின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் தாருங்கள், அவர்களே வருவார்கள்.

1989இல் பிள்ளையைத் தேடிய தாய்மாரும் தம்புள்ளையில் உறவை இழந்தவர்களும் உங்கள் அயலில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதுவதற்கும் இருவர் வருகிறார்கள்.